புசியா எல்லையில் தரகருக்கு 150 டாலர் எதற்கு?

கேள்வி: கம்பாலாவில் சிறு வியாபாரம் செய்கிறேன். வட உகாண்டாவின் லீரா பக்கம் எள்ளும் வேர்க்கடலையும் வாங்கி கென்யாவுக்கு அனுப்ப எண்ணம். இந்தியாவிலிருந்து மூட்டையில் வரும் மசாலாப் பொடியை இங்கே பாக்கெட் போட்டு விற்கிறேன், அதையும் அனுப்பலாமா? "ஆப்பிரிக்கா முழுக்க ஒரே சந்தையாகிவிட்டது, வரியே இல்லை, சான்றிதழுக்கு 150 டாலர் கொடுங்கள்" என்கிறார் ஏஜென்ட்.

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொல்வது 2018-ல் கிகாலியில் கையெழுத்தான கண்டம் தழுவிய வர்த்தக ஒப்பந்தம். நல்ல முயற்சிதான். ஆனால் அதில் வரிகள் படிப்படியாகத்தான் குறையும். உங்களுக்கு அது தேவையும் இல்லை. உகாண்டாவும் கென்யாவும் கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் என்ற நாடுகளின் கூட்டமைப்பில் இருப்பவை. அதன் சுங்க ஒன்றியம் 2005 முதல் நடப்பில் இருக்கிறது. உறுப்பு நாட்டில் விளைந்த எள், கடலைக்குச் சுங்கவரி கிடையாது.

சரக்கின் மதிப்பு 2,000 டாலருக்குள் என்றால் அது எந்த நாட்டில் விளைந்தது என்று காட்டும் எளிய உற்பத்திச் சான்று போதும். உகாண்டா-கென்யா எல்லையில் உள்ள புசியாவில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் கஸ்டம்ஸ் அதிகாரி முத்திரை போட்டுத் தருவார். கட்டணம் ஒரு ஷில்லிங்கூட இல்லை. அந்த இலவசத் தாளைத்தான் தரகர்கள் காசாக்குகிறார்கள். தலைச்சுமையோடு வரும் பெண்கள் அதற்குப் பணம் எண்ணிக் கொடுப்பதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது. இலவசம் என்று வாசலில் பெரிதாக எழுதி வைக்க என்ன தடை?

மசாலா விஷயம் வேறு. பாக்கெட் போடுவது, லேபிள் ஒட்டுவது, சும்மா கலப்பது எதுவுமே பொருளை உகாண்டாப் பொருளாக்காது. பை கம்பாலாவில் அச்சடித்ததாக இருக்கலாம், கடைப்பெயர் உங்களுடையதாக இருக்கலாம். உள்ளே இருப்பது இந்தியப் பொடி. கென்யாவில் வரி கட்டியே ஆக வேண்டும். "எள்ளோடு சேர்த்துக் காட்டிவிடலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பொய்ச் சான்று பிடிபட்டால் மாட்டுவது நீங்கள்தான்.

எள், கடலைக்குத் தாவர நலச் சான்று தனியாக வாங்க வேண்டும். கடலையை நன்றாகக் காயவைத்து, பூஞ்சை நச்சுப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். 2021 மார்ச்சில் இதே நச்சைக் காட்டி உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்தைக் கென்யா திடீரென நிறுத்தியது. சில நாளில் நிபந்தனையோடு விட்டது. ஒப்பந்தம் போட்ட அரசுகளே இப்படித் திடுமெனக் கதவைச் சாத்தினால் சிறு வியாபாரி என்ன செய்வார்? அதனால் முதல் லோடைச் சிறிதாக அனுப்புங்கள். பரிசோதனைச் சீட்டு லாரியோடு போகட்டும்.