ஸ்பிரிங்ளர் லைனை ஊதிவிட எந்தக் கம்ப்ரசர்?

கேள்வி: ஊட்டி பக்கம் தலைக்குந்தாவில் 25 சென்ட் புல்வெளி. 32 மி.மீ. எச்டிபிஇ குழாயில் நான்கு லைன். லைனுக்கு 60 மீட்டர், நான்கு பாப்-அப் ஸ்பிரிங்ளர். போன வருட உறைபனியில் ஃபில்டர் கிண்ணமும் இரண்டு ஸ்பிரிங்ளரும் வெடித்துவிட்டன. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வீடு பூட்டியிருக்கும். தண்ணீரை ஊதி வெளியேற்ற 1 எச்பி, 24 லிட்டர் கம்ப்ரசர் போதும் என்கிறார் கடைக்காரர். போதுமா?

பதில்: போதாது. அதற்காக 5 எச்பி வாங்கவும் வேண்டாம். 2 எச்பி, 100 லிட்டருக்குக் குறையாத டேங்க் உள்ளதை எடுங்கள். வருடத்துக்கு ஒருநாள் வேலைதான் என்றால் வாடகைக்கே எடுக்கலாம்.

கணக்கு இதுதான். உங்கள் ஒரு லைனில் 30 முதல் 35 லிட்டர் தண்ணீர் நிற்கும். 24 லிட்டர் டேங்கை 8 கிலோ அழுத்தத்துக்கு நிரப்பி 3.5 கிலோவில் திறந்துவிட்டால், சுமார் 25 லிட்டர் தண்ணீரைத் தள்ளும் அளவுக்குத்தான் காற்று கிடைக்கும். முதல் ஸ்பிரிங்ளர் காலியானதும் காற்று அதன் வழியாகவே ஓடிவிடும். கடைசியில் இருப்பது அப்படியே நிற்கும். 100 லிட்டர் டேங்கில் இதைப்போல நான்கு மடங்கு கையிருப்பு உண்டு.

எச்பியை விட சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது முக்கியம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது பிஸ்டன் இழுக்கும் காற்றின் அளவு. பிஸ்டன் கம்ப்ரசரில் கைக்கு வருவது அதில் முக்கால் பங்குதான். எஃப்ஏடி, அதாவது உண்மையில் வெளியே வரும் காற்று எவ்வளவு என்று கேளுங்கள். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர், காற்று மெலிந்தது. சென்னையில் 8 சிஎஃப்எம் செய்யும் வேலைக்கு இங்கே கிட்டத்தட்ட 10 வேண்டும். கொடைக்கானலிலும் இதே கதைதான்.

ரெகுலேட்டரை 3.5 கிலோவுக்கு மேல், அதாவது 50 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றவே கூடாது. தண்ணீர் அழுத்தத்தில் குழாய் வெடித்தால் ஒழுகும். காற்று அழுத்தத்தில் வெடித்தால் துண்டுகள் பறக்கும். குளிரில் பிவிசி இணைப்புகள் நொறுங்கும் பதத்தில் இருக்கும் என்பதால் நல்ல வெயிலில், மதியத்தில் செய்யுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மோட்டாரை நிறுத்தி, கேட் வால்வை மூடி, அதற்கு அப்பால் ஸ்பிரிங்ளர் பக்கம் ஒரு டீ (மூன்று வழி இணைப்பு) வைத்துக் காற்றுக் குழாயை மாட்டுங்கள். பம்ப் வழியாக ஊதக் கூடாது. அதன் அடியில் உள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றினாலே காலியாகிவிடும். மேட்டில், தொலைவில் இருக்கும் லைனின் வால்வை முதலில் திறந்துவிட்டு, பிறகுதான் காற்றை விட வேண்டும். தண்ணீர் போய் வெறும் சாரலாக வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓட்டினால், தண்ணீரில்லாமல் சுழலும் ஸ்பிரிங்ளரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் சூடேறித் தேயும். ஒரே மூச்சில் ஊதாமல், நான்கைந்து நிமிடம் டேங்க் நிரம்ப விட்டு இரண்டாவது முறை ஊதினால் தாழ்வில் தேங்கியதும் வரும்.

இந்த மலையில் மண்ணுக்குள் ஓரடி ஆழத்தில் இருக்கும் குழாய் உறைவதில்லை. உடைவதெல்லாம் தரைக்கு மேலேயோ தரைமட்டத்திலோ இருக்கும் ஃபில்டர், வால்வு, ஸ்பிரிங்ளர் தலைகள்தான். குளிர்காலத்திலும் வீட்டில் இருந்து புல்லுக்குத் தண்ணீர் விடுபவர்களுக்குக் கம்ப்ரசரே தேவையில்லை. சரிவின் கடைசியில் ஒரு டிரெயின் வால்வு வைத்து, மாலையில் திறந்துவிட்டால் போதும்.

நீங்கள் பூட்டிவிட்டுப் போவதால் ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி உள்ளே வையுங்கள். பால் வால்வுகளை (உள்ளே பந்து சுழலும் வகை) முழுக்கத் திறந்தோ மூடியோ வைக்காமல் கைப்பிடியைப் பாதியில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பந்தைச் சுற்றி அடைபட்ட தண்ணீர் உறைந்து வால்வின் உடலைப் பிளக்கும்.