உயர்தரத்தின் கடைசி வருடம்: 2022 பட்ச் திருகோணமலைப் பிள்ளையின் பதில்

கேள்வி: உயர்தரம் படித்த கடைசி வருடத்தின் ஏற்ற இறக்கங்களை நினைத்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? என்னுடைய வருடம் வீணாகப் போய்விட்டது போல இருக்கிறது.

கேட்டவர் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்த மாமாவோ சித்தியோ ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். கேள்வியின் இரண்டாவது வரி இல்லாவிட்டால் நான் பதில் எழுதியிருக்கமாட்டேன்.

நான் 2022 பட்ச், அதாவது 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை (பல்கலைக்கழக அனுமதிக்கான பரீட்சை) எழுதியவள், உயிரியல் பிரிவு. ஊர் திருகோணமலையில் திருக்கடலூர். 2019 டிசம்பரில் ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதினோம். உயர்தர வகுப்பு ஒழுங்காகத் தொடங்குவதற்குள் கொரோனா வந்து பாதிப் படிப்பு போன் திரையில் போனது. கடைசி வருடமாவது பாடசாலையில் இருந்து படிப்போம் என்று நம்பியிருந்தபோதுதான் 2022 பிறந்தது. அந்த வருடத்தை இலங்கையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மார்ச் 31 அன்று 13 மணி நேரம் மின்வெட்டு. ஜூனில் பெற்றோல் இல்லாமல் பாடசாலைகளை மூடினார்கள். ஜூலை 25 திறந்தபோது வாரத்தில் மூன்று நாள்தான் வகுப்பு. மே மாதம் பிரதமர் பதவியிலிருந்து விலகிய மகிந்த ராஜபக்ச எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்தில் வந்து தங்கினார். ஊரடங்கையும் மீறிச் சனம் தளத்தின் வாசலில் கூடியது. அந்த நாட்களில் நான் வீட்டுக்குள் சேதன இரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன்.

மண்ணெண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் அப்பா சிறிய படகில் கடலுக்குப் போகிறவர். வெளியிணைப்பு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய்தான் வேண்டும். இரவில் கரண்ட் போனால் எனக்குப் படிக்க விளக்குக்கும் அதே மண்ணெண்ணெய். விடியற்காலையில் கானைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு வெயில் முழுக்க நின்று அப்பா கொண்டுவருவது பல தடவை ஒரு பயணத்துக்கே காணாது. ஒருநாள் அதில் ஒரு போத்தலை ஊற்றி என் மேசையில் வைத்தார். "இதை வைச்சுக் கடலுக்குப் போகேலாது பிள்ளை. நீ படி." அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு படகு கரையிலேயே கிடந்தது. அவர் உப்புவெளிப் பக்கம் கரைவலை (கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை) இழுக்கக் கூலிக்குப் போனார். சொந்தப் படகு வைத்திருந்த மனிதருக்கு அது லேசான காரியம் இல்லை. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபா ஆனது. வரிசை குறைந்தது, ஆனால் வாங்கக் காசு இல்லை.

அப்பா மட்டும்தான் கஷ்டப்பட்டார் என்று சொல்லவில்லை. கொழும்பிலும் இருட்டுத்தான், அதுவும் தெரியும். ஆனால் எங்கள் சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அந்த வருடம் ஜனவரியில்தான் அவற்றை யார் எத்தனை வைத்துக்கொள்வது என்று ஒப்பந்தம் போட்டார்கள். பெரிய பெரிய பேச்செல்லாம் பேசினார்கள். அந்தத் தாங்கிகள் உள்ள மாவட்டத்தில் ஒரு மீனவன் ஒரு கான் மண்ணெண்ணெய்க்கு நாள் முழுக்க நின்றான். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும். ஆனாலும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

சரி, ஏற்றங்கள். நல்லவை இருந்தன, நிறையவே இருந்தன. பௌதிகவியல் சேர் இரவு வகுப்பை நிறுத்திவிட்டு, காலை ஆறு மணிக்கே பலகையை வேப்பமரத்தடியில் சாய்த்து வைத்துப் படிப்பித்தார். மாதக் காசு கொடுக்க முடியாதவர்களின் பெயரை அவர் ஒருநாளும் வாசித்ததில்லை. பெற்றோல் இல்லாததால் எல்லாரும் சைக்கிள். மட்டிக்கழியிலிருந்தும் பாலையூற்றிலிருந்தும் வருகிற பிள்ளைகள் வழியில் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து, வகுப்புக்கு வரும்போது ஒரு கூட்டமாக வருவோம். சைக்கிள் மிதித்துக்கொண்டே பல்தேர்வு வினா கேட்போம். வினாத்தாள் அச்சடிக்கக் கடதாசி இல்லாத காலம். ஒருத்தியிடம் இருந்த கடந்தகால வினாத்தாள் புத்தகத்தை ஆளுக்கொரு பகுதியாகக் கையால் எழுதிப் பகிர்ந்தோம். எழுதியதாலேயே மனதில் நின்றது. அமைப்புக் கட்டுரையில் எனக்குப் பயம் போனது அந்தக் கொப்பிகளால்தான்.

வழமையாக ஆகஸ்டில் நடக்கும் பரீட்சை எங்களுக்கு 2023 ஜனவரி 23 அன்றுதான் தொடங்கியது. பரீட்சை நாட்களில் மின்சாரத்தை வெட்டவேண்டாம் என்று மனித உரிமைகள் ஆணைக்குழு கேட்டும் வெட்டு நிற்கவில்லை. விளக்கோடு பழகிய எங்களுக்கு அது புதிதாகவும் இல்லை. விரிவுரையாளர்கள் வரி உயர்வை எதிர்த்து விடைத்தாள் திருத்துவதைப் புறக்கணித்ததால் முடிவு செப்டம்பர் 4 வரை இழுபட்டது. நான் ஆசைப்பட்டது மருத்துவம். கிடைத்தது வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம். சந்தோசமாகத்தான் படிக்கிறேன்.

ஆனால் விடுதியில் வெளி மாவட்டப் பிள்ளை ஒருத்தி, "நீங்கள் திருகோணமலைதானே, உங்களுக்கு வெட்டுப்புள்ளி குறைவு" என்றாள். வெட்டுப்புள்ளி என்றால் ஒரு துறைக்கு அனுமதி கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி. இதை இன்னும் பலரும் சொல்லக் கேட்டுவிட்டேன். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் நாங்களும் இருக்கிறோம். அதற்காக நான் ஏன் தலைகுனிய வேண்டும்? வினாத்தாள் எல்லாருக்கும் ஒன்று, ஆய்வுகூடம் ஒன்றில்லை. திறமைக்கு எதிராகப் பேசுகிறாள் என்று இங்கே சிலர் வருவார்கள், வரட்டும். இந்த முறை முழுக்க நியாயம் என்றும் நான் சொல்லமாட்டேன். எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே தூரத்து வெருகல் பிள்ளைக்கும் நகரத்து உவர்மலைப் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளிதான். நகரத்துக்குள் சைக்கிளில் ரியூசன் போன என்னை விட, அந்த வெருகல் பிள்ளைக்குத்தான் நியாயம் கேட்க உரிமை அதிகம்.

அதனால் அந்த வருடத்தை யாராவது வீண் என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளியில் அப்பாவின் கரைவலைக் கூலியும் இல்லை, வேப்பமரத்தடியும் இல்லை. அவை இல்லாமல் அந்தப் புள்ளியும் இல்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். முடிவு வரும் முன்பே அடுத்த தடவைக்கு ரியூசன் காசு கட்டாதீர்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை வரை எழுதலாம், நேரம் இருக்கிறது. முடிவு வந்ததும் அனுமதிக் கையேட்டில் போன வருட மாவட்ட வெட்டுப்புள்ளிகளை எல்லாத் துறைக்கும் பாருங்கள், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மட்டும் பார்க்காதீர்கள். விருப்ப வரிசையை வீட்டாருக்காக நிரப்ப வேண்டாம். நீங்கள் திருகோணமலைப் பக்கம், உயிரியல் பிரிவு, திரும்ப எழுதுவதாக முடிவெடுத்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். அந்தக் கையெழுத்துக் கொப்பிகள் இப்போது பாலையூற்றில் ஒரு தங்கையிடம் இருக்கின்றன. அவள் எழுதி முடித்ததும் உங்களுக்குத் தரச் சொல்கிறேன்.