பயத்தில் 'ஓகே சார்' என்று போட்டது சம்மதமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரி அலுவலகத்தில் தற்காலிகமாகக் கணக்கு எழுதுகிறேன். முப்பது பேருக்கு மேல் வேலை செய்கிறோம். மேனேஜர் ராத்திரியில் வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்கிறார். கம்பெனி ஜீப்பில் வீட்டுக்கு வரும்போது கையைப் பிடித்தார். "பர்மனென்ட் ஆகணும்னா கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்கிறார். பயத்தில் 'ஓகே சார்' என்று ஸ்மைலியும் போட்டுவிட்டேன். அது எனக்கு எதிராகத் திரும்புமா? ஜீப் சம்பவம் நடந்து இரண்டு மாதம் ஆகிறது.

பதில்: சகோதரி, முதலில் அந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள். வெட்கப்பட்டு ஸ்மைலியை மட்டும் நீக்கிவிடவும் வேண்டாம். முழு உரையாடலும் தேதி, நேரத்தோடு அப்படியே இருப்பதுதான் உங்களுக்குப் பலம்.

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், நீங்கள் வாய்விட்டு மறுத்தீர்களா என்று மட்டும் பார்ப்பதில்லை. அது நீங்கள் விரும்பாத நடத்தையா என்று பார்க்கிறது. வேலை நிரந்தரமாவது ஒருவர் கையில் இருக்கும்போது, அவர் ராத்திரி அனுப்பும் மெசேஜுக்கு எத்தனை பேர் 'முடியாது' என்று பதில் போடுவார்கள்? வேலையில் சலுகை தருவதாக ஆசை காட்டுவதையும் வேலைக்கு ஆபத்து என்று மிரட்டுவதையும் 3ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது. 'பர்மனென்ட்' பேச்சு அதில் வரும். கம்பெனி ஜீப்பும் பணியிடம்தான்.

அவசரம் காலக்கெடுவில்தான் இருக்கிறது. கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

பத்துப் பேர் வேலை செய்தாலே, இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க அந்த நிறுவனத்துக்குள்ளேயே உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். உங்கள் இடத்தில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லாவிட்டால் ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்து, மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கு எழுதுங்கள். முதலாளி மீதான புகாரும் அங்கேதான் போகும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரையும் சட்டம் 'வேலை அளிப்பவர்' என்கிறது. எனவே மேனேஜர் மீது அங்கே போகலாம் என்று வாதிட இடமுண்டு.

புகாரிலேயே ஒரு இடைக்கால உத்தரவு கேளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. விசாரணை முடியும்வரை உங்கள் வேலையை மதிப்பிடும் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்து வேறு ஒருவருக்குத் தரச் சொல்லலாம். அவரிடம் இருக்கும் பிடியே அதுதானே! இடமாற்றமோ, வழக்கமான விடுப்புக்கு மேல் 3 மாதம் வரை விடுப்போ கேட்கவும் வழியுண்டு. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும்.

சின்ன ஊர், காலையில் நடந்தது சாயங்காலத்துக்குள் மார்க்கெட் வரை போய்விடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. புகார்தாரரின் பெயரையும் விசாரணை விவரத்தையும் வெளியிட 16ஆம் பிரிவு தடை போடுகிறது. குழு முன்னால் இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. வக்கீலான நானும் கூட வர முடியாது. அதனால் தேதி, இடம், அவர் சொன்ன வார்த்தை, ஜீப் டிரைவர் போன்ற சாட்சிகள் எல்லாவற்றையும் இப்போதே எழுதி வையுங்கள். புகாரும் ஆவணங்களும் 6 பிரதிகள் தேவைப்படும்.

கையைப் பிடித்ததற்கு, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவில் போலீஸிலும் புகார் தரலாம். அதற்கு இந்த 3 மாதக் கெடு கிடையாது, குழுவிடம் போனதும் தடையாகாது. உடனே பேச ஆள் வேண்டுமென்றால் 181க்கு அழையுங்கள்.