மூளை ஸ்கேனில் தத்துவத்துக்கு என்ன வேலை?

தத்துவம் படித்தவர் மருத்துவத்தைப் பற்றியும் மூளையைப் பற்றியும் புதிதாக என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே சொல்ல முடியும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பிக்கும் ராபின் புளூமை எடுத்துக்கொள்ளுங்கள்.

"பெண்கள் அதிகம் உணர்ச்சிவசப்படுபவர்கள்" என்ற எண்ணம் மூளை ஸ்கேன் ஆய்வுகளுக்குள் எப்படி நுழைகிறது என்று 2013இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்கேன் படத்தில் தெரியும் சிவப்பும் மஞ்சளும் உணர்ச்சியின் புகைப்படம் அல்ல. இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைக் கணக்கிட்டுத் தீட்டிய நிறங்கள் அவை. அவற்றுக்குப் பொருள் சொல்வது மனிதர்தான். ஆண், பெண் மூளைகளுக்கு இடையே எதிர்பார்த்த வேறுபாடு தெரிந்தால் பழைய எண்ணம் உறுதியாகிவிடுகிறது. தெரியாவிட்டால், அதே எண்ணத்துக்குப் பொருந்தும்படி வேறொரு விளக்கம் வந்துவிடுகிறது. எப்படிப் பார்த்தாலும் அந்த எண்ணம் தோற்பதே இல்லை! இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் போதாது. வாதத்தை வரி வரியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

மருத்துவத்திலும் உயிரியல் ஆய்விலும் எது சரி, எது தவறு என்று பெண்களின் நிலையையும் கணக்கில் கொண்டு இப்படிக் கேட்கும் துறைக்குப் பெண்ணிய உயிர்நெறியியல் என்று பெயர். அது ஆண், பெண் வேறுபாட்டை மறுப்பதற்கென்றே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. உண்மையான வேறுபாட்டைக் கவனிக்காமல் விடுவதையும் அது கேள்வி கேட்கிறது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையைப் பாருங்கள். பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகவே வெளியேறுகிறது. காலையில் கார் ஓட்டும்போதும் இரத்தத்தில் மீதமிருக்கும். 1992இல் விற்பனைக்கு அனுமதி பெற்ற அந்த மாத்திரைக்கு, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது 2013இல்தான். இருபது ஆண்டுகள் எத்தனை பெண்கள் இரட்டிப்பு அளவை விழுங்கிவிட்டு அலுவலகத்துக்குக் கார் ஓட்டினார்களோ.