மர்ம நகைச்சுவைப் படத்துக்குத் தியேட்டருக்கு ஒரு கிளைமாக்ஸ் வைத்தால் கூட்டம் வருமா?

வராது. அமெரிக்காவில் 1985 டிசம்பரில் 'க்ளூ' படத்துக்கு பாரமவுண்ட் ஸ்டூடியோ இதையே செய்து கையைச் சுட்டுக்கொண்டது. ஒரு மாளிகை, ராத்திரி விருந்து, அடுத்தடுத்துக் கொலைகள், யார் செய்தது என்பதற்கு மூன்று வெவ்வேறு முடிவுகள். ஒரு தியேட்டருக்கு ஒரு முடிவுதான் போகும், எங்கே எது ஓடுகிறது என்று உள்ளூர் பேப்பர் விளம்பரத்தில் ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டுச் சொல்லிவிடுவார்கள். பார்த்தவனே மறுபடி டிக்கெட் எடுப்பான் என்பது கணக்கு. ஆனால் சுமார் 1.5 கோடி டாலர் போட்ட படம் அங்கே வசூலித்தது அதைவிடக் கொஞ்சம் குறைவு. எனக்குப் பட்ட காரணம் எளிது: காசு கொடுத்தும் முழுப்படம் கிடைக்காது என்று விளம்பரமே சொன்னால் யார் வருவார்கள்?

அப்புறம் வீடியோவில் மூன்று முடிவுகளையும் வரிசையாகச் சேர்த்து, நடுவில் 'இப்படியும் நடந்திருக்கலாம்' என்று மௌனப்பட பாணியில் அட்டை போட்டார்கள். அதுவே ஒரு ஜோக் ஆகிவிட்டது, படத்துக்குத் தீவிர ரசிகர்களும் சேர்ந்தார்கள்.

உள்ளூரில் விளம்பரம் செய்வதென்றால் 1930, 40களின் ஹாலிவுட் வழி மேல். வேஷம் கட்டிய ஆளைத் தெருவில் நடக்கவிடுவது, பேப்பரில் துப்பறியும் போட்டி வைத்து இலவச டிக்கெட் தருவது என்று யோசனைகளை ஸ்டூடியோவே புத்தகமாக அச்சடித்துத் தியேட்டர் மேனேஜர்களுக்கு அனுப்பும். செலவும் கம்மி, சஸ்பென்ஸும் உடையாது.