ப்ளகின் ஏறுகிறது, காஸ்ட் மட்டும் உதைக்கிறது: ஜாவா கேள்வி - பதில்

கேள்வி: ப்ளகின் (புரோகிராமில் பிறகு சேர்க்கும் பகுதி) ஜார் ஃபைலை புரோகிராம் ஓடும்போதே யூஆர்எல்கிளாஸ்லோடர் (ஜாரிலிருந்து கிளாஸ்களை ஏற்றும் ஜாவாவின் லோடர்) வழியாக ஏற்றுகிறேன். ஆப்ஜெக்ட்டும் உருவாகிறது. ஆனால் இன்டர்ஃபேஸுக்கு காஸ்ட் (வகை மாற்றம்) செய்தால் கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன். ப்ளகின் அந்த இன்டர்ஃபேஸைத்தான் இம்ப்ளிமென்ட் செய்கிறது!

பதில்: ஜேவிஎம்முக்கு (ஜாவா புரோகிராமை ஓட்டும் இயந்திரம்) கிளாஸின் பெயர் மட்டும் போதாது. பெயரும், கிளாஸை டிஃபைன் செய்த லோடரும் சேர்ந்தால்தான் அது ஒரு கிளாஸ். உங்கள் இன்டர்ஃபேஸ் இரண்டு முறை ஏறியிருக்கிறது: ஒன்று அப்ளிகேஷன் லோடர் வழியாக, இன்னொன்று ப்ளகின் ஜாருக்குள் இருந்து.

காஸ்ட்டுக்கு முந்தைய வரியில் இரண்டு விஷயங்களை பிரிண்ட் செய்யுங்கள்: உங்கள் இன்டர்ஃபேஸின் கெட்கிளாஸ்லோடர் மதிப்பு, ப்ளகின் கிளாஸின் கெட்இன்டர்ஃபேஸஸ் தரும் இன்டர்ஃபேஸின் கெட்கிளாஸ்லோடர் மதிப்பு. வேறுபட்டால் நோய் இதுவேதான். ஜாவா 11 முதல் எர்ரர் வாசகத்திலேயே லோடர் விவரம் இருக்கிறது. வரி நீளம் என்பதால் யாரும் கடைசிவரை படிப்பதில்லை.

ஜாருக்குள் இன்டர்ஃபேஸின் நகல் கிடந்தாலே இப்படி ஆகிவிடாது. சாதாரணமாக லோடர் முதலில் பேரன்ட்டைத்தான் (தனக்கு மேலுள்ள லோடரை) கேட்கும். அதனால் இரண்டு இடங்களைப் பாருங்கள். பேரன்ட்டாக 'நல்' (null, அதாவது எதுவும் இல்லை) கொடுத்திருக்கிறீர்களா? லோட்கிளாஸை ஓவர்ரைட் செய்து, சொந்த ஜாரை முதலில் தேடச் சொல்லியிருக்கிறீர்களா? பெரும்பாலும் ஃபைண்ட்கிளாஸை மட்டும் ஓவர்ரைட் செய்தால் போதும். ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷன் தேவைப்படுவதால் சொந்த ஜார்தான் முதலில் என்றால், உங்கள் ஏபிஐ பேக்கேஜையும் (இரு பக்கமும் பயன்படுத்தும் அந்த இன்டர்ஃபேஸ் இருப்பது) 'ஜாவா.' என்று தொடங்குவதையும் எப்போதும் பேரன்ட்டிடமே தள்ளிவிடுங்கள். ஏபிஐயைத் தனி ஜாராக்கி, ப்ளகினின் மேவன் (பில்ட் கருவி) ஃபைலில் அதன் ஸ்கோப்பை 'ப்ரொவைடட்' என்று போட்டால் நகல் உள்ளே வராது.

கேள்வி: ஜாவா 8-இல் ஒழுங்காக ஓடியது. புதிய ஜாவாவில் சிஸ்டம் லோடரை (அப்ளிகேஷன் லோடரின் இன்னொரு பெயர்) யூஆர்எல்கிளாஸ்லோடராக காஸ்ட் செய்யும் வரியிலேயே விழுகிறது.

பதில்: 2017-இல் வந்த ஜாவா 9 முதல் சிஸ்டம் லோடர் அந்த வகையே அல்ல. ரிஃப்ளெக்ஷனால் (மறைந்திருக்கும் மெத்தடையும் பெயரால் அழைக்கும் வசதி) அந்த லோடரின் ஆட்யூஆர்எல்லை அழைக்கும் குறுக்குவழி அன்றோடு முடிந்தது. நீங்களே ஒரு யூஆர்எல்கிளாஸ்லோடர் உருவாக்கி, உங்கள் கிளாஸின் லோடரைப் பேரன்ட்டாகக் கொடுங்கள். ஃபோல்டரின் முகவரி சாய்கோட்டில் முடிய வேண்டும். இல்லையென்றால் அதை ஜார் என்று நினைத்துத் திறக்கப் பார்க்கும், கிளாஸ் கிடைக்காது. பேரன்ட் நல் என்றால் ஜாவா 9-க்குப் பிறகு ஜாவா.எஸ்க்யூஎல்கூடக் கண்ணில் படாது. அது இப்போது பிளாட்ஃபார்ம் லோடரிடம் இருக்கிறது. நல் கொடுத்திருந்த இடத்தில் கெட்பிளாட்ஃபார்ம்கிளாஸ்லோடரைப் பேரன்ட்டாகக் கொடுங்கள்.

கேள்வி: டேட்டாபேஸ் டிரைவர் ஜாரை இப்படி ஏற்றினால் 'நோ சூட்டபிள் டிரைவர்' என்கிறதே?

பதில்: டிரைவர்களைப் பதிந்து வைக்கும் ஜாவாவின் டிரைவர்மேனேஜர், தன்னை அழைத்த கிளாஸின் லோடருக்குத் தெரியாத டிரைவரைச் சேர்த்துக்கொள்ளாது. டிரைவர் கிளாஸின் இன்ஸ்டன்ஸை நேராக உருவாக்கி, அதன் கனெக்ட் மெத்தடை நீங்களே அழையுங்கள்.

கேள்வி: ப்ளகினை மாற்ற முயன்றால் விண்டோஸ் ஜாரை அழிக்க விடவில்லை. ரீலோட் செய்யச் செய்ய மெட்டாஸ்பேஸும் (கிளாஸ் விவரங்கள் இருக்கும் நினைவகப் பகுதி) ஏறுகிறது.

பதில்: இவை இரண்டு தனித்தனி கோளாறுகள். ஜார் பூட்டிக்கிடப்பதற்கு லோடரின் க்ளோஸ் மெத்தட் இருக்கிறது, ஜாவா 7 முதல். அதற்குப் பிறகும் பூட்டு இருந்தால், கெட்ரிசோர்ஸ் தந்த முகவரியில் ஓப்பன்ஸ்ட்ரீம் அழைத்திருப்பீர்கள். அந்த வழி ஜாரை கேஷில் திறந்தே வைக்கும். ஓப்பன்கனெக்ஷன் எடுத்து, செட்யூஸ்கேஷஸை ஃபால்ஸ் ஆக்கிப் படியுங்கள்.

மெட்டாஸ்பேஸ் கதை வேறு. ப்ளகினின் ஒரே ஒரு ஆப்ஜெக்ட்டை யாராவது பிடித்துக்கொண்டிருந்தாலும் மொத்த லோடரும் நினைவகத்தில் தங்கிவிடும். ப்ளகின் தொடங்கி நிறுத்தாத த்ரெட், த்ரெட்பூலில் விட்டுப்போன த்ரெட்லோக்கல் (த்ரெட்டுக்கென ஒட்டிவைத்த மதிப்பு), ஷட்டவுன் ஹூக் (புரோகிராம் முடியும்போது ஓடும் கோடு), டிரைவர்மேனேஜரில் பதிந்த டிரைவர், இந்த நான்கையும் முதலில் சந்தேகியுங்கள். பத்து முறை ரீலோட் செய்து ஹீப் டம்ப் (நினைவகத்தில் உள்ள ஆப்ஜெக்ட்டுகளின் நகல்) எடுங்கள். ஈக்ளிப்ஸ் மெமரி அனலைசரில் யூஆர்எல்கிளாஸ்லோடர் எத்தனை இருக்கிறது என்று எண்ணி, பழையது ஒன்றிலிருந்து ஜிசி ரூட் (குப்பை அகற்றி அழிக்காமல் விடும் தொடக்கப் புள்ளி) வரை பாதையைப் பாருங்கள். வீக், சாஃப்ட் ரெஃபரன்ஸ்களை (ஆப்ஜெக்ட்டை இறுகப் பிடிக்காதவை) விலக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பாதையின் முனையில் நிற்பதுதான் ஆள்.