1110 வாங்கியவள் எங்கே விண்ணப்பிப்பது?

கேள்வி: கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை இரண்டு முறை எழுதினேன். முதலில் 1060 (கணிதம் 580, வாசிப்பும் எழுத்தும் 480). அடுத்து 1110 (கணிதம் 550, வாசிப்பும் எழுத்தும் 560). பள்ளி மதிப்பெண் நன்றாகவே இருக்கிறது. அண்ணன் 1480 வாங்கியவன், வீட்டில் தினமும் அந்தப் பேச்சுதான். நான் நல்ல கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதே வீணா? விண்ணப்பத்தோடு வைக்கும் கட்டுரையையும் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள் அக்கா.
- 12-ஆம் வகுப்பு மாணவி, அமெரிக்கா

பதில்: வீண் இல்லைம்மா. முதலில் ஒரு கணக்கு. பல கல்லூரிகள் 'சூப்பர்ஸ்கோர்' பார்க்கும், அதாவது நீ எத்தனை முறை எழுதியிருந்தாலும் ஒவ்வொரு பகுதியிலும் எது அதிகமோ அதை மட்டும் எடுத்துக் கூட்டுவார்கள். அந்த 580-ஐயும் இந்த 560-ஐயும் கூட்டிப் பார், 1140. இருந்த இடத்திலேயே 30 ஏறிவிட்டது, உன் வீட்டில் இதை யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது! நாடு முழுக்க எழுதுகிறவர்களின் சராசரியே ஆயிரத்தைச் சற்றுத் தாண்டித்தான் நிற்கிறது, ஆக நீ அதற்கு மேலேதான் இருக்கிறாய்.

அப்புறம், 1140 நல்ல ஸ்கோரா என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்தக் கல்லூரிக்கு என்று கேட்க வேண்டும். கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று போட்டுத் தேடு, பெரும்பாலான கல்லூரிகள் வருடாவருடம் வெளியிடும் நீளமான படிவம் அது. அதில் சி9 என்ற பகுதியில், சேர்ந்தவர்களில் மேல் கால்வாசியையும் கீழ் கால்வாசியையும் விட்டு நடுப் பாதிப் பேர் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை வாங்கினார்கள் என்று இருக்கும். உன் எண் அதற்குள் வந்தால் அனுப்பு. கீழே இருந்து, அந்தக் கல்லூரி ஸ்கோரைக் கட்டாயமாகக் கேட்கவும் இல்லை என்றால், அனுப்பாதே. ஒன்றை மட்டும் கவனி: ஸ்கோர் கட்டாயமில்லாத இடங்களில் நல்ல எண் வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் அனுப்புவார்கள், அதனால் அந்த எண்கள் கொஞ்சம் ஊதிப் போயிருக்கும், பார்த்துப் பயந்துவிடாதே. எத்தனை சதவீதம் பேர் அனுப்பினார்கள் என்பதும் அங்கேயே இருக்கும். உதவித்தொகைக்கு மட்டும் ஸ்கோர் கேட்கிற கல்லூரிகளும் உண்டு, அதைத் தனியாகப் பார்த்துக்கொள்.

மறைப்பது தப்பு என்று தோன்றினால், போடன் கல்லூரி 1969-லேயே ஸ்கோர் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. கோவிட் காலத்தில் முளைத்த சலுகை இல்லை இது. எம்ஐடி மாதிரி சில இடங்கள் மறுபடி கட்டாயமாக்கிவிட்டன, அந்தப் பட்டியலை இப்போதைக்கு விட்டுவிடு. இன்னொரு முறை எழுத ஆசை இருந்தால் எழுது, கணிதம் மட்டும் 600-ஐத் தாண்டினாலே போதும். எழுதாவிட்டாலும் குடி ஒன்றும் முழுகிவிடாது.

கட்டுரைதான் எனக்குக் கவலை. இருப்பதே 650 சொல், அதில் முதல் இரண்டு பத்தியும் 'இந்த எண் என் திறமையைக் காட்டவில்லை' என்ற புலம்பல். ஸ்கோரே அனுப்பாத கல்லூரிக்கும் நீயே போய் அதைச் சொல்லிக் கொடுப்பாயா? மூன்றாம் பத்தியில் பள்ளி இசைக்குழுவின் பழைய டிரம்பெட்டைப் பிரித்து, சிக்கிக்கொண்ட வால்வைத் தட்டி நெளிக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுத்தது வருகிறதே, கை கழுவியும் போகாத எண்ணெய் வாடை உட்பட, அங்கே ஆரம்பி. மேலே இருப்பதை எல்லாம் அடித்துவிடு. அந்த டிரம்பெட் கதை எட்டு வரியில் முடிந்துபோனதில் எனக்கு நிஜமாகவே வருத்தம், எப்படிக் கற்றுக்கொண்டாய் என்றுகூட நீ சொல்லவில்லை.

சரி, அண்ணன் விஷயம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பு உள்ள ஒன்பது வளாகங்களிலும் சேர்க்கைக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. அவற்றில் ஒன்றான பெர்க்லி அதனால் சுலபம் என்று எண்ணிவிடாதே, அங்கே போட்டி கடுமை. ஆனால் அடுத்த முறை சாப்பாட்டு மேசையில் 1480 பேச்சு வந்தால், பெர்க்லிக்கு அவன் எண்ணும் வேண்டாம், என் எண்ணும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடு.